வார்டெலுக்கு விட்ட இடம்

ஜனவரி 12, 1970 – திங்கள்

கடைக்கு இன்று விடுமுறை. துவைத்த துண்டுகள் மலைபோலக் கிடக்கின்றன. என் வீட்டுக்காரன் சமையலறையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு காபி குடித்துக்கொண்டே எனக்கு யோசனை சொல்கிறான். துண்டை இப்படி மடிக்கக் கூடாதாம். கல்யாணமான நாள்முதல் மாசத்தில் பாதி நாள் ஊர் ஊராகச் சுற்றினவன், முடி அலங்காரக் கடை வைத்திருக்கும் எனக்குத் துண்டு மடிக்கக் கற்றுத்தர வந்துவிட்டான்!

"லியோடிஸ், எங்கயாவது போய்ப் பாடிட்டு வா. உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றேன்.

"எங்க போய்ப் பாட? யாரோட பாட?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது.

டிரெக்ஸலேர்ஸ் குழுவை விட்டு வந்துவிட்டான். இந்த சிகாகோவில் அந்தப் பெயரைக் கேட்டால் தெருநாய்கூட வாலாட்டும். அப்பேர்ப்பட்ட குழு. சண்டை ஒரே ஒரு பாட்டுக்காக. இவன் சொந்தமாக எழுதின பாட்டு, 'காபியை ஆறவிடாதே'. என்ன பாடுவது என்று அந்த ஐந்து பேரும் கைதூக்கித்தான் முடிவு செய்வார்கள். இவன் கையைத் தவிர ஒரு கையும் எழவில்லை. மற்ற மூன்று பேர் தூக்காததை இவன் பொறுத்திருப்பான். வார்டெல் தூக்கவில்லையே, அதுதான். பள்ளிக்கூட மாடிப்படியில் குரல் நன்றாக எதிரொலிக்கிறது என்று மீசை முளைக்காத வயசிலேயே சேர்ந்து நின்று பாடினவர்கள். இவன் ஒரு வரி பாடினால் அந்தக் கட்டைக்குரலன் கீழேயிருந்து பதில் சொல்லுவான். இருபது வருஷம் அப்படித்தான் ஓடியது.

வார்டெலுக்கு அந்தப் பாட்டில் என்ன பிடிக்கவில்லையாம்? கேட்டேன். "பாட்டு ரொம்ப வீட்டுக்குள்ள இருக்கு"ன்னானாம். அப்படின்னா என்னடா அர்த்தம்?

ஜனவரி 18 – ஞாயிறு

ஏரியிலிருந்து வரும் குளிர்காற்று, இந்த ஊரில் அதற்குப் 'பருந்து' என்று பெயர், முகத்தைப் பிய்த்து எடுக்கிறது. இருந்தும் தேவாலயம் நிரம்பி வழிந்தது. வாசலில் வெள்ளைக் கையுறை போட்டு வருகிறவர்களை வரவேற்கும் சிஸ்டர் ஜெனோபியா (எங்கள் சபையில் எல்லாப் பெண்களும் சிஸ்டர்தான்), என் சனிக்கிழமை வாடிக்கை, ஆராதனைத் தாளைக் கையில் கொடுத்துக்கொண்டே கிசுகிசுக்கிறாள்: "ஏன் எர்லீன், உம்புருஷன் வெளிய வந்துட்டானா, வெளிய தள்ளிட்டாங்களா?"

"ரெண்டும் ஒரே கதவுதான் சிஸ்டர்" என்றேன். வாய் மூடினாள். கொஞ்ச நேரத்துக்குத்தான்.

வார்டெலின் மனைவி ரூபெல் என்னைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டாள். போன மாசம் வரைக்கும் அந்தத் தலையைச் சீவி விட்டவள் நான். இப்போது வேறு கடைக்குப் போகிறாளாம். பின்பக்கம் பார்த்தேன், சீவியிருந்த லட்சணத்துக்கு எனக்கே அழுகை வந்தது.

பிப்ரவரி 3 – செவ்வாய்

இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் மிஸ்டர் ப்ரூயிட் வீட்டுக்கே வந்தார். ஒட்டக நிறக் கோட்டு, கண்ணுக்கு மேல் கண்ணாடி, கண்ணாடிக்கு மேல் தொப்பி. வறுத்த கெளுத்தி மீனை எலும்பு மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஒரு தட்டு போடலாம், லியோடிஸ். அந்தக் காபிப் பாட்டையே போடலாம். ஓடுச்சுன்னா மேல பேசலாம். ஓடலன்னா நீயும் நானும் கைகுலுக்கிட்டுப் போயிடலாம்."

அவர் போனபிறகு இவன் பாத்திரம் கழுவினான். தானாக! எனக்கு அப்போதே பயம் வந்துவிட்டது.

"ஓடலன்னா பாடறத விட்டுடுவேன் எர்லீன். தபால் ஆபீஸ்ல ஆள் எடுக்கறாங்க."

"வாயக் கழுவு."

"நிசமாத்தான் சொல்றேன். திரும்பி அவங்க கிட்டயும் போக முடியாது. தனியாவும் முடியலன்னா, அப்புறம் எதுக்குப் பாடிக்கிட்டு?"

தபால்காரன் உடுப்பில் இவன் அழகாகத்தான் இருப்பான். ஆனால் பாடாத லியோடிஸை நான் பார்த்ததே இல்லை. பார்க்கவும் வேண்டாம். குளிக்கும்போது பாடுவான், கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பாடுவான், என்னோடு சண்டை போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய் அந்தப் பக்கமிருந்து பாடுவான். நான் கட்டிக்கொண்டது அந்தக் குரலைத்தான், உடம்பு கூடவே வந்தது.

பிப்ரவரி 19 – வியாழன்

ஒலிப்பதிவு. என்னையும் கூட்டிக்கொண்டு போனான். ஏன் போனேன் என்றிருக்கிறது.

வாசிக்கிறவர்கள் எல்லாம் தங்கமான ஆட்கள். தாளம் கேட்டதும் என் காலே நிற்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் மிஸ்டர் ப்ரூயிட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இவன் முதல் வரி எடுத்தான்: 'வர்றேன்டி வீட்டுக்கு…' அப்பப்பா, என்ன குரல். மயிர்க்கூச்செறிந்தது.

எடுத்துவிட்டு மைக்கை விட்டு ஒரு அடி பின்னால் போய் இடப்பக்கம் நகர்ந்து நின்றான்.

நின்றான். நின்றுகொண்டே இருந்தான். பிறகு முன்னால் வந்து அடுத்த வரி. மறுபடியும் பின்னால்.

"யாருக்குப்பா வழி விடறான்?" என்றார் ப்ரூயிட்.

எனக்குத் தெரியாதா யாருக்கு என்று. ஐந்து பேருக்கு ஒரு மைக் வைத்துப் பாடின காலத்திலிருந்து வந்த பழக்கம். ஒருத்தன் பாடிவிட்டு விலகினால் அடுத்தவன் குனிந்து உள்ளே வருவான். இவன் விலகுகிறான், வருவதற்குத்தான் ஆளில்லை.

சொல்லிப் பார்த்தார்கள். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டார்கள். ஒலிப்பதிவுக்காரர் "செருப்பைத் தரையில ஆணி அடிச்சுடவா?" என்று கேட்டார், எல்லாரும் சிரித்தார்கள், இவனும் சிரித்தான். கடைசியில் கால் நகராமல் நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டான். குரலுக்கு யார் கற்றுக்கொடுப்பது? ஒவ்வொரு வரிக்கும் பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறான். ஒரு பதில் வந்துபோகிற அளவுக்கு, கச்சிதமாக. அப்புறம்தான் அடுத்த வரி. பாட்டு முழுக்கப் பல்லு விழுந்த வாய் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கிறது.

காரில் வரும்போது இவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். பாடவில்லை.

பிப்ரவரி 20 – வெள்ளி

சண்டை. நான்தான் ஆரம்பிச்சேன், ஒத்துக்கறேன். அந்த ஓட்டையை அடைச்சுத் தொலைடா, தொடர்ந்து பாடித் தொலைன்னேன். "எனக்கே தெரியல எர்லீன், நான் நிறுத்தணும்னு நிறுத்தல"ங்கிறான். தெரியாம எப்படி ஒரு மனுஷன் நிறுத்துவான்? உன் வாய், உன் பாட்டு, உனக்குத் தெரியாதா?

அப்புறம் ஒண்ணு சொன்னான். "அவன் உள்ள வந்துடுவான்னு இருக்கு. நான் அடுத்த வரிய எடுத்துட்டா அவன மிதிச்சுட்ட மாதிரி இருக்கு."



பிப்ரவரி 27 – வெள்ளி

கூலிக்கு மூன்று பெண்களைக் கூப்பிட்டு ஓட்டைகளில் 'ஊ… ஆ…' பாடவைத்தார் ப்ரூயிட். நல்ல பிள்ளைகள், நல்ல குரல். ஆனால் கீரைக்குச் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது. இவன் ஒவ்வொருத்தியையும் கட்டிப்பிடித்து நன்றி சொல்லி அனுப்பிவிட்டான்.

ப்ரூயிட் கத்திரியைக் கையில் எடுத்துவிட்டார். ஒலிநாடாவில் அமைதியாக இருக்கும் இடங்களையெல்லாம் வெட்டிவிட்டு மீதியை ஒட்டப் போகிறாராம். "ரேடியோவுல சத்தமில்லாம ஒரு மூச்சு நேரம் போனா, நிலையம் செத்துப்போச்சுன்னு ஜனங்க முள்ளைத் திருப்பிடுவாங்க. அதை எந்த நிலையமும் போடாது."

வெட்டட்டும் என்றுதான் நானும் சொன்னேன். தபால் ஆபீஸை நினைத்தால் வெட்டினால் என்ன, குத்தினால் என்ன.

மார்ச் 7 – சனி

இன்றைக்குச் சிரித்த சிரிப்பை எழுதாமல் படுக்க முடியாது.

வெட்டி ஒட்டின பாட்டின் மாதிரித் தட்டு ஒன்று வந்திருந்தது. வெட்டாத பழைய மாதிரித் தட்டும் அதே மாதிரி உறையில் வீட்டில் கிடந்தது. காலையில் அவசரத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். சனிக்கிழமை கூட்டம், நாளைக்கு ஞாயிறாயிற்றே. நாற்காலி எல்லாம் நிரம்பி, முடி உலர்த்தும் தொப்பிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு வரிசை, சுருள்முடியை நீவ அடுப்பில் சூடாகிற சீப்பு, எண்ணெய்ப் புகை, தெருவுக்கு மேலே போகும் தண்டவாளத்தில் ரயில் போனால் கண்ணாடியெல்லாம் கிடுகிடு.

"உம்புருஷன் பாட்டைப் போடுடி, கேப்போம். நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லிடுவோம்" என்றாள் ஜெனோபியா. போட்டேன்.

'வர்றேன்டி வீட்டுக்கு…'

ஓட்டை. ஐயையோ, தப்பான தட்டை எடுத்து வந்துவிட்டேனே என்று நான் ஓடுவதற்குள் ஜெனோபியா தொப்பிக்குள்ளிருந்து கத்தினாள்:

"எப்போ?"

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். பாட்டு அதுபாட்டுக்குப் போனது. 'இந்தத் தடவை நிச்சயம்…'

"போன தடவையும் இதத்தானே சொன்னே!" இது மூலையில் நகத்துக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தவள்.

'காபியை ஆறவிடாதே…'

"அடுப்பையே அணைச்சாச்சு, போடா!"

'உன்னை விட்டா எனக்கு யாரு…'

"டெட்ராய்ட்டுல ஒருத்தி இருக்காளே, அவ யாரு?"

அதற்கு என் கையில் இருந்த சூட்டுச் சீப்பே நின்றுவிட்டது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "இருந்தா அவளே காபி போட்டுக் கொடுக்கட்டும்" என்றேன். சிரிப்பில் கடையே இடிந்து விழுந்தது.

மறுபடி போடு, மறுபடி போடு என்று ஒரே கூச்சல். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, அவர்கள் கிண்டல் செய்யவில்லை. இவன் 'காபியை ஆறவிடாதே' என்று முடித்ததும் எல்லாப் பெண்களும் சேர்ந்து மெதுவாக, தேவாலயத்தில் சொல்லுவதுபோல, "விடமாட்டோம், வா" என்றார்கள். ஜெனோபியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் புருஷன் போய் ரொம்ப நாளாகிறது. திரும்பி வருகிற இடத்துக்குப் போகவில்லை.

திரும்பிப் பார்த்தால் இவன் வாசலில் நிற்கிறான். கையில் மீன் பொட்டலம், சட்டையெல்லாம் எண்ணெய். எவ்வளவு நேரமாக நின்றானோ. வாயில் ஈ போவதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

மார்ச் 9 – திங்கள்

இவன் ப்ரூயிட்டிடம் போய் வெட்டாததைத்தான் போட வேண்டும் என்று நின்றிருக்கிறான். "உன் பொண்டாட்டி கடையிலயா உலகம் இருக்கு?" என்று அவர் கேட்டாராம். "எங்க ஆளுங்க உலகம் அங்கதான் இருக்கு" என்று இவன் சொன்னானாம். சொல்லியிருக்கிறான் பாருங்கள், என் ராஜா!

கடைசியில் பாதிப் பாதி. தட்டின் முன்பக்கம் வெட்டினது. பின்பக்கத்துக்கு வேறு பாட்டு தயாராக இல்லை, சும்மா விட முடியாது, அதனால் அங்கே வெட்டாதது. "பின்பக்கத்தை எவன் கேக்கப் போறான்" என்றாராம் ப்ரூயிட்.

மார்ச் 30 – திங்கள்

தட்டு இசைத்தட்டுக் கடைகளுக்கு வந்துவிட்டது. உறையில் இவன் பெயர் மட்டும். எனக்கு அதைத் தடவிப் பார்க்கத்தான் தோன்றுகிறது. குழுப் பெயர் இல்லாமல் அந்தப் பெயர் கொஞ்சம் ஒல்லியாகத் தெரிகிறது.

ஏப்ரல் 3 – வெள்ளி

ரேடியோவில் ஒரு தடவை வந்தது. முன்பக்கம். மூச்சுவிட நேரமில்லாமல், நாய் துரத்துகிற மாதிரி ஓடுகிறது. இவன் எழுந்து போய் முள்ளைத் திருப்பிவிட்டான்.

ஏப்ரல் 8 – புதன்

ஒன்றுமில்லை.

ஏப்ரல் 11 – சனி

ஒன்றுமில்லை. டிரெக்ஸலேர்ஸின் புதுப் பாட்டு மட்டும் மணிக்கொரு தடவை வருகிறது. கடையில் யாரும் அதற்குத் தலையாட்டாமல் எனக்காக விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். "ஆட்டுங்கடி, நல்லாத்தானே இருக்கு" என்று நானே சொன்னேன்.

ஏப்ரல் 13 – திங்கள்

சாப்பாட்டு மேஜையில் சொன்னான்: "தபால் ஆபீஸுக்குப் போய் விசாரிச்சுட்டு வந்தேன்." சோளரொட்டியைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே போட்டான். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். இந்தப் பாட்டும் ஆறிக்கொண்டே வருகிறது.

ஏப்ரல் 16 – வியாழன்

எங்கே ஆரம்பிக்க!

காலையில் கடையைத் திறந்து பெருக்கிக்கொண்டிருக்கிறேன். ரேடியோவில் பாட்டுப் போடுகிற ஹனிகட், அந்த வாயாடி, மூச்சுவிடாமல் பேசுகிறவன். "என்னமோ தெரியல, இன்னிக்கு எனக்கு எல்லாமே இடக்கையாவே வருது. இந்தத் தட்டையும் தலைகீழாத் திருப்பிப் போட்டுப் பாப்போம்" என்றான். அடுத்து லியோடிஸ் குரல்.

'வர்றேன்டி வீட்டுக்கு…'

அமைதி. ஹனிகட்டால் ஒரு மூச்சு நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? முடியாது! "எங்கே இருக்கேப்பா, அதைச் சொல்லு மொதல்ல!" என்றான்.

'இந்தத் தடவை நிச்சயம்…'

"எங்கம்மா இதைக் கேட்டா நம்பமாட்டா!"

பாட்டு முழுக்க இவனோடு எதிர்வாதம் செய்தான். முடிந்ததும் சிரிப்பு தாங்காமல், "இது யாரு, நம்ம லியோடிஸா? மவனே, எனக்குப் பேச எடம் விட்டு ஒரு பாட்டுப் போட்டிருக்கான்யா! இருபது வருஷத்துல இவன்தான் மொத ஆளு!" என்று மறுபடியும் போட்டான். பிறகு தொலைபேசியில் கூப்பிடுகிறவர்களை விட்டுப் பதில் சொல்லச் சொன்னான். பேருந்து ஓட்டுகிறவன் ஒருத்தன், பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி, பேசவே வெட்கப்பட்டு வெறும் 'உம்' மட்டும் சொன்ன ஒரு கிழவர்.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. இவன் ரேடியோ முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான், பனியனோடு. என் கால்களைக் கட்டிக்கொண்டான்.

மே 10 – ஞாயிறு, அன்னையர் தினம்

எங்கே போனாலும் இதே பாட்டு. இறைச்சிக் கடை, சலவைக் கடை, தெருமுனையில் நிற்கும் விடலைகள். தெருவில் இவன் நடந்தால் ஜன்னலிலிருந்து பெண்கள் "எப்போ?" என்று கத்துகிறார்கள். இவன் தொப்பியை எடுத்து, "வந்துக்கிட்டே இருக்கேன்மா" என்கிறான். வீட்டுக்கு வந்ததும் நானும் ஒரு தடவை கேட்டு வைக்கிறேன், பாக்கி வைக்கக் கூடாதில்லையா.

பாதிரியார்கூடப் பிரசங்கத்தின் நடுவில் நிறுத்தி, சபையைப் பார்த்து, "நான் இப்போ லியோடிஸ் மாதிரி எடம் விட்டிருக்கேன், யாராவது ஆமென் சொல்லுங்க" என்றார். இவனுக்குக் காதுவரை வெட்கம்.

மிஸ்டர் ப்ரூயிட் ஒரு பெட்டி ஆரஞ்சுப் பழம் அனுப்பியிருக்கிறார். பின்பக்கத்துக்கு இப்போது அவர் வைத்திருக்கும் பெயர், "என் யோசனை".

ஜூன் 20 – சனி

நாடக அரங்கில் தனியாக முதல் கச்சேரி. வெளியே வளைந்து வளைந்து வரிசை. மேடை ஏறுவதற்கு முன்னால் உள்ளே வாந்தி எடுத்தான். "எனக்கு நாலு பக்கமும் காலியா இருக்கு எர்லீன்" என்றான். கழுத்துப்பட்டியைச் சரிசெய்துவிட்டு, "முன்பக்கம் காலியா இல்ல பாரு, அங்க பாத்துப் பாடு" என்று தள்ளிவிட்டேன்.

பழக்கதோஷம், முதல் வரி பாடிவிட்டு ஒரு அடி பின்னால் போனான். அரங்கம் முழுக்க அந்த இடத்துக்குள் வந்து விழுந்தது. ஆயிரம் பேர், ஒரே பதில். கூரை போய்விடும் என்று நினைத்தேன். இவன் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு நின்ற நிலை இருக்கிறதே, மழையில் நனையும் குழந்தை மாதிரி முகத்தைத் தூக்கிக்கொண்டு. அந்த நிமிஷம் நான் இவனை எவ்வளவு நேசித்தேன் என்று எழுதினால் இந்த நோட்டு வெட்கப்படும்.

ஜூலை 11 – சனி

இன்றைக்கு ரூபெல் கடைக்கு வந்தாள். வார்டெலின் ரூபெல். உள்ளே வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி என் நாற்காலியில் உட்கார்ந்தாள். கடை மொத்தமும் பத்திரிகை படிப்பதுபோல நடித்தது.

முடியைத் தொட்டுப் பார்த்தேன். "யாருடி இப்படித் தீச்சு வெச்சா?"

"பேசாம சரிபண்ணு எர்லீன்."

பண்ணினேன். கழுவும்போது, தலை பின்னால் சாய்ந்து கண் மூடியிருந்தபோது சொன்னாள்: "கார்ல போறப்ப அந்தப் பாட்டு வந்தா வார்டெல் வண்டிய ஓரங்கட்டிடறான். உன் வீட்டுக்காரர் விட்ட எடத்துல எல்லாம் பாடறான். ஒரு எடம் விடாம. பாடிட்டு, மூஞ்சியத் துடைச்சுக்கிட்டு, வண்டிய எடுக்கறான். நான் கேட்டா ரேடியேட்டர் சூடாயிருச்சுங்கறான்."

அவள் தலையில் நான் வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 12 – ஞாயிறு

இவனிடம் சொன்னேன். "அப்படியா" என்றான். எழுந்து போய்க் காரைக் கழுவினான். நேற்றுத்தான் கழுவினது.

"போன் பண்ணேன்டா" என்றால், "அவன் பண்ணட்டும்" என்கிறான். அங்கே அவனும் இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பான். இரண்டு கழுதைகள்.

செப்டம்பர் 17 – வியாழன்

இரண்டாவது தட்டுக்கு ஒலிப்பதிவு. ப்ரூயிட் பட்டுத் துணியில் வைத்துத் தாங்குகிறார். "நீ உன் பாணியில பாடு லியோடிஸ், எடம் விட்டு விட்டுப் பாடு. ஜனங்க அதுக்குத்தான் காத்திருக்காங்க."

பாடினான். அருமையாகப் பாடினான். வரி முடிந்ததும் அடுத்த வரி, அது முடிந்ததும் அடுத்தது, ஆறு ஓடுகிற மாதிரி.

"எடம், எடம்!" என்று கண்ணாடியைத் தட்டினார் ப்ரூயிட்.

மறுபடி பாடினான். விட்டான். ஆனால் அது வேறு. விரல் விட்டு எண்ணிக்கொண்டு நிற்கிறான். அன்றைக்கு நின்றது போல இல்லை, யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ப்ரூயிட்டுக்குப் புரியவில்லை, ஒலிப்பதிவுக்காரருக்குப் புரிந்தது, என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். காலும்கூட நகரவே இல்லை. சுண்ணாம்பு வட்டம் இல்லாமலே நட்ட நடுவில் நின்றான்.

"வரல மிஸ்டர் ப்ரூயிட்" என்றான். "முன்னாடி எனக்குத் தெரியாம வந்துச்சு, இப்போ தெரிஞ்சும் வரல."

இடம் இல்லாமலே பதிவு செய்தார்கள். நல்ல பாட்டு. காரில் பாடிக்கொண்டே வந்தான். எனக்குச் சந்தோஷமா, துக்கமா என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது.

நவம்பர் 8 – ஞாயிறு

தேவாலய வாசலில் ரூபெலைப் பிடித்து, நன்றி நாள் விருந்துக்கு இரண்டு பேரும் வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். இவனிடம் கேட்கவில்லை. அவளும் அவனிடம் கேட்கப் போவதில்லை என்றாள். "கேட்டாத்தானே மாட்டேன்னு சொல்லுவாங்க" என்றாள் ஜெனோபியா, நாங்கள் அவளிடம் சொல்லாமலே.

நவம்பர் 26 – வியாழன், நன்றி நாள்

வந்தார்கள். வார்டெல் கதவளவுக்கு நிற்கிறான், கையில் சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பணியாரத் தட்டு, அதற்குப் பின்னால் முகம் எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவனுக்கு. இவன் வந்து பார்த்தான். "உள்ள வா, பருந்து கொத்திடப் போகுது" என்றான். அவ்வளவுதான். பத்து மாதத்தை அதோடு விட்டார்கள்.

சாப்பிட்டோம். வான்கோழி, கீரை, எல்லாம். பழைய கதைகள், அலபாமாவில் பேருந்து பள்ளத்தில் இறங்கின கதை, வார்டெல் தூக்கத்தில் பாடின கதை. கைதூக்கின கதையை யாரும் எடுக்கவில்லை. நானும் ரூபெலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் தட்டுகளை எடுத்தோம்.

பணியாரம் முடிந்ததும் வார்டெல் தொண்டையைச் செருமினான். "பாடேன். அந்தப் பாட்டை."

இவன் கரண்டியால் மேஜையில் தாளம் போட்டான். ஆரம்பித்தான். 'வர்றேன்டி வீட்டுக்கு…'

வார்டெல் நெஞ்சு விரிந்தது. மூச்சை உள்ளே இழுத்துவிட்டான். வாயைத் திறந்தான். அதற்குள் இவன் அடுத்த வரியில் இருந்தான். வார்டெல் வாயை மூடிக்கொண்டான். அடுத்த வரி முடிவில் மறுபடியும் மூச்சு இழுத்தான், மறுபடியும் இவன் நிற்காமல் போய்விட்டான். இவனுக்குத் தெரியவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தான். மூன்றாவது தடவைதான் கண் திறந்து பார்த்தான், வார்டெல் திறந்த வாயோடு உட்கார்ந்திருப்பதை. கரண்டி நின்றது.

எனக்கு ஓடிப்போய் இரண்டு பேரையும் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"வார்டெல்… இப்போல்லாம் அது வரதில்லடா" என்றான் இவன். "எங்க போச்சுன்னு தெரியல."

வார்டெல் மேஜை விரிப்பைக் கையால் நீவினான். "ரேடியோவுல வருதே, அந்த எடம்" என்றான். "அது எனக்கா?"

"வேற யாருக்குடா?"

"பாட்டு வீட்டுக்குள்ள இருக்குன்னு சொன்னேன்ல. அது உன் வீடு, நான் அதுக்குள்ள எங்க நிக்கிறதுன்னு தெரியல எனக்கு. அதான் கை தூக்கல." நாற்காலியை இவன் பக்கம் திருப்பிக்கொண்டான். "நீ எடம் வெச்சுட்டுதான் இருந்திருக்கே. நானும் வந்துட்டுதான் இருந்தேன், ரோட்டோரத்துல."

இவன் கையை நீட்டி அவன் பிடரியைப் பிடித்துக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் பிடித்துக்கொள்வானாம் அப்படி.

"மறுபடி எடுக்கறேன். இந்தத் தடவை நிறுத்திப் பாடறேன்" என்றான் இவன்.

"வேணாம்" என்றான் வார்டெல். "எனக்காக நிறுத்தாதே. இத்தன வருஷம் உன் பக்கத்துலயே நின்னேன், நம்ம மொற எப்ப வரும்னு பாத்துக்கிட்டே. உன் பாட்ட ஒரு தடவகூட நான் முழுசாக் கேட்டதில்ல."

எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் மேஜைக்கு எதிர்ப்பக்கம் போட்டு, இவனுக்கு நேராக உட்கார்ந்தான்.

இவன் பாடினான், நிறுத்தாமல், முதலிலிருந்து கடைசிவரை. ரூபெல் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வார்டெல் கேட்டுக்கொண்டிருந்தான்.